வலை காயும் கரையில் லத்தீன்

“எக்ஸ்பார்ட்டின்னா இனிமே நாம கேஸ்ல இல்லன்னுதானே தம்பி அர்த்தம்?”

மண்டபம் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து வந்த பெரியவர் இப்படித்தான் கேட்டார். இராமநாதபுரத்தில் ஒரு வக்கீல் ஆபீசில் குமாஸ்தா வேலை பார்ப்பவன் நான். தாவா, வாய்தா, டிக்ரி, வக்காலத்து என்று நாள் முழுக்கப் புழங்கும் சொற்களோடு எக்ஸ்பார்ட்டியும் என் வாயில் சாதாரணமாக வரும். அடுத்தவர் காதில் அது எப்படி விழுகிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. எக்ஸ் எம்.எல்.ஏ., எக்ஸ் சர்வீஸ்மேன் என்று கேட்டுப் பழகிய காதுக்கு எக்ஸ்பார்ட்டி என்றால் முன்னாள் பார்ட்டி. கேஸிலிருந்து கழன்றுவிட்ட ஆள். படகு இன்ஜினுக்காக வாங்கிய கடனுக்கு ஒருவர் போட்ட தாவாவில் இரண்டு வாய்தாவுக்குப் போகாமல் விட்ட அந்த மனிதர், கோர்ட்டு தன்னை விட்டுவிட்டது என்று பல மாதம் நிம்மதியாக இருந்திருக்கிறார். “படகும் போச்சு, கேஸும் போச்சுன்னு நெனச்சேன்” என்றார்.

உண்மையில் அந்தச் சொல்லில் முன்னாளும் இல்லை, ஆங்கிலப் பார்ட்டியும் இல்லை. லத்தீனில் ‘எக்ஸ்’ என்றால் ‘இருந்து’. ‘பார்த்தே’ என்றால் ‘பக்கம், தரப்பு’. ஒரு தரப்பிலிருந்து மட்டும் கேட்டு முடித்தது என்று பொருள். தமிழில் ‘ஒருதலைப்பட்சத் தீர்ப்பு’ என்று எழுதுகிறோம். பிரதிவாதி வராவிட்டால் கோர்ட்டு அவரை விடுவிப்பதில்லை. அவர் இல்லாமலேயே வாதியின் சாட்சியத்தைக் கேட்டு டிக்ரி போடுகிறது. இரண்டு பக்கமும் மாதக்கணக்கில் வாதாடிக் கிடைத்த டிக்ரிக்கு என்ன வலு உண்டோ அதே வலு இதற்கும் உண்டு. அதை வைத்து வீட்டு வாசலுக்கு ஜப்தி வரும். இதை ரத்து செய்யச் சொல்லி உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஆணை 9, விதி 13-இன் கீழ் மனுப் போடலாம். அதற்குக் கெடு, டிக்ரி ஆன நாளிலிருந்து 30 நாள். சம்மன் முறையாகச் சார்பாகவில்லை, அதாவது கைக்கு வந்து சேரவில்லை என்றால் டிக்ரி பற்றித் தெரியவந்த நாளிலிருந்து 30 நாள். கெடு தாண்டிவிட்டால் தாமதத்துக்குக் காரணம் சொல்லித் தனியாகக் காலவரையறைச் சட்டத்தின் கீழ் ஒரு ‘செக்‌ஷன் 5’ மனு வேண்டும். எக்ஸ்பார்ட்டி என்ற ஒரு சொல்லைத் தப்பாக எடுத்துக்கொண்டதில் அவருக்கு எத்தனை மாதம் போய்விட்டது!

அன்றைக்குப் பிறகு, நான் தினமும் டைப் அடிக்கும் லத்தீன் சொற்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க ஆரம்பித்தேன். எனக்குக் கிடைத்தது நான் எதிர்பார்த்தது அல்ல. அந்தச் சொற்களுக்குள் வலை இருந்தது, கரைக் குடிசை இருந்தது, மீன்பிடிப் படகும் இருந்தது.

முதலில் இந்த மொழி இங்கே வந்த வழியைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கரை முதலில் கண்ட லத்தீன் எழுத்து, நாணயத்தில் இருந்த எழுத்தாகத்தான் இருக்க வேண்டும். வைகை கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் அழகன்குளத்தில் நடந்த அகழாய்வுகளில் ரோமானியக் காசுகளும், ஒயின் கொண்டுவந்த ஆம்போரா ஜாடிகளின் உடைந்த துண்டுகளும், கப்பல் உருவம் கீறிய பானை ஓடும் கிடைத்தன. அந்தக் காசுகளில் பேரரசர்களின் பெயர் இருந்தது, சட்டம் இல்லை. சட்ட லத்தீன் வெகு காலம் கழித்து இங்கிலாந்து வழியாகச் சுற்றி வந்தது. 1066-இல் நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அந்நாட்டுக் கோர்ட்டுகளில் வாதம் பிரெஞ்சிலும் பதிவேடு லத்தீனிலும் நடந்தன. சாதாரண ஜனங்களுக்கு இரண்டுமே புரியாது. 1731-இல் ஒரு சட்டம் போட்டு, 1733 முதல் எல்லாம் ஆங்கிலத்தில்தான் என்று ஆக்கினார்கள். மொழி போனாலும் பழகிய சொற்கள் போகவில்லை. 1801-இல் சென்னையில் சுப்ரீம் கோர்ட்டு வைத்தபோதும், 1862-இல் அது உயர் நீதிமன்றமாக மாறியபோதும், இங்கிலாந்து வக்கீல்கள் அந்தச் சொற்களைக் கப்பலில் கூடவே கொண்டுவந்தார்கள்.

இங்கிலாந்தில் இப்போது அவற்றில் பலவற்றைக் கைவிட்டுவிட்டார்கள். 1999-இல் வந்த புதிய நடைமுறை விதிகள் எக்ஸ்பார்ட்டியை எடுத்துவிட்டு ‘அறிவிப்பு இல்லாமல்’ என்று எளிமையாக எழுதின. 2004-இல் மாண்டமஸ், செர்ஷியோரரி என்ற நீதிப்பேராணைப் பெயர்களும் அங்கே போய்விட்டன. நம்மிடம் அவை அரசியலமைப்பிலேயே இருக்கின்றன. 32, 226 ஆகிய உறுப்புகளில் ஹேபியஸ் கார்பஸ், மாண்டமஸ், குவோ வாரண்டோ, செர்ஷியோரரி என நான்கு லத்தீன் பெயர்களும் அப்படியே எழுதப்பட்டிருக்கின்றன. எடுக்க வேண்டுமென்றால் அரசியலமைப்பைத் திருத்த வேண்டும். ஆகவே அவற்றைப் புரிந்துகொள்வதுதான் நமக்கு உள்ள வழி.

சரி, கரைக்கு வருவோம்.

கி.பி. 533-இல் கான்ஸ்டாண்டிநோபிளில் ரோமானியப் பேரரசர் ஜஸ்டினியன் சட்டம் படிக்கும் முதலாண்டு மாணவர்களுக்காக ஒரு பாடநூல் வெளியிடச் செய்தார். அதன் இரண்டாம் புத்தகம், உலகில் எதெது யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியோடு தொடங்குகிறது. காற்று, ஓடும் நீர், கடல், கடல் வழியாகக் கடற்கரை ஆகிய நான்கும் இயற்கைச் சட்டப்படி எல்லாருக்கும் பொது என்கிறது. இதற்கு ‘ரெஸ் கம்யூனிஸ்’ என்று பெயர், பொதுப்பொருள். பிறகு கொஞ்சம் தள்ளி ஒரு வாக்கியம் வருகிறது. கரையின் பயன்பாடும் கடலைப் போலவே பொது. ஆகவே யார் வேண்டுமானாலும் அங்கே ஒதுங்குவதற்கு ஒரு குடிசை போட்டுக்கொள்ளலாம், வலையைக் காயப் போடலாம், கடலிலிருந்து வலையை இழுத்துக் கரையேற்றலாம்.

முதல் தடவை படித்தபோது நான் இதை மூன்று முறை திரும்பப் படித்தேன். எங்கள் பக்கத்தில் கரைவலை இழுப்பவர்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: இரண்டு பக்கக் கயிறு, ஒவ்வொரு கயிற்றிலும் பத்துப் பன்னிரண்டு பேர், நிழலுக்கு ஓலைக் கொட்டகை, மதியத்துக்குப் பிறகு மணலில் நீளமாக விரித்துக் கிடக்கும் வலை. ஒரு பேரரசரின் சட்டப் பாடநூலில் இந்தக் காட்சி அப்படியே இருக்கிறது. வலை காயப் போட இடம் என்பது சலுகை அல்ல, உரிமை என்று அது சொல்கிறது.

கரை எதுவரை? அதற்கும் விளக்கம் இருக்கிறது. குளிர்காலத்துப் பெரிய அலை எதுவரை ஏறி வருகிறதோ அதுவரை கரை. மத்தியதரைக் கடலில் ஏற்றவற்று, அதாவது தினமும் தண்ணீர் ஏறி இறங்குவது, மிகக் குறைவு. அதனால் ஓதத்தை நம்பி அளக்காமல் புயல்கால அலையை வைத்து அளந்திருக்கிறார்கள். நம்முடைய கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை முதலில் 1991 பிப்ரவரியில் வந்தது. அதன்படி அளவு உயர் ஓதக் கோட்டிலிருந்து தொடங்குகிறது. அங்கிருந்து நிலத்தின் பக்கம் 500 மீட்டர் வரை கட்டுப்பாடு. இரண்டுக்கும் அடிப்படை எண்ணம் ஒன்றுதான்: கடல் எதுவரை வந்து போகும் என்பதைக் கடலே சொல்லட்டும். ஆனால் எங்கள் மாவட்டத்தில் ரோமானியர் அளவுகோலைக் கொண்டுவந்தால் பாதிதான் சரியாக வரும். பாம்பனில் வடகடல், தென்கடல் என்று இரண்டு கடல் உண்டு. வாடைக் காலத்தில் வடகடல் கொந்தளிக்கும். தென்கடல் பொங்குவது தென்மேற்குப் பருவத்துக் கச்சான் காற்றில். தென்கடல் கரையை மார்கழி அலையை வைத்து அளந்தால் ஆனி, ஆடியில் அந்தக் கோடு தண்ணீருக்குள் இருக்கும்.

இந்தப் பழைய விதி நம் கோர்ட்டில் உயிரோடு வந்தது 1996 டிசம்பரில். இமாச்சலத்தில் ஓர் ஆற்றைத் திருப்பிவிட்ட விடுதி சம்பந்தமான வழக்கில் உச்ச நீதிமன்றம், காற்றும் கடலும் நீரும் காடும் அரசின் தனிச்சொத்து அல்ல, மக்களுக்காக அரசு நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருப்பவை என்று சொன்னது. அதற்கு அது எடுத்துக்காட்டியது ரோமானியச் சட்டத்தின் ரெஸ் கம்யூனிஸ், ‘ரெஸ் நல்லியஸ்’ ஆகியவற்றைத்தான். பின்னது யாருக்கும் சொந்தமில்லாத பொருள். அதற்கு இரண்டு நாள் முன்புதான் அதே நீதிமன்றம், தமிழ்நாட்டுக் காந்தியவாதி எஸ்.ஜெகந்நாதன் போட்ட வழக்கில், கடற்கரை மண்டலத்துக்குள் இறால் பண்ணைகளுக்குத் தடை போட்டிருந்தது. பாரம்பரிய முறையில் வளர்ப்பவர்களுக்கு மட்டும் விலக்கு. இறால் குட்டைக்கு வேலி போட்டுக் கரைக்குப் போகும் பாதையை அடைத்தபோது கடலோர ஊர்கள் கேட்ட கேள்வியும், பாடநூல் சொன்ன பதிலும் எனக்கு ஒன்றாகவே படுகின்றன.

யாருக்கும் சொந்தமில்லாதது என்று சொன்னேன் அல்லவா, அதில்தான் மீன் வருகிறது. ‘ஃபெரே நேச்சுரே’ என்பது இன்னொரு சொல். காட்டு இயல்பு கொண்டவை. கடலில் நீந்தும் மீன், வானத்தில் பறக்கும் பறவை, காட்டில் ஓடும் மான் ஆகியவை பிடிக்கும்வரை யாருக்கும் சொந்தமில்லை, பிடித்தவனுக்கே சொந்தம். பிடித்தது தப்பி ஓடிவிட்டால் மறுபடி யாருக்கும் சொந்தமில்லை. வலைக்குள் வந்து வலை கிழிந்து போன மீனுக்காக எந்தக் கடற்கரையிலும் யாரும் சண்டை போடுவதில்லை. இந்தச் சட்டம் எல்லாருக்கும் ஏற்கெனவே தெரியும்.

சங்குக்கு இது பொருந்துமா? இந்தக் கேள்வி எங்கள் கடலிலிருந்தே சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 1900களின் தொடக்கத்தில், அப்போது இராமநாதபுரம் ஜமீனின் சங்குப் படுகைகள் குத்தகைக்கு விடப்பட்டிருந்தன. கரையிலிருந்து சில மைல் தள்ளி, பாக் விரிகுடாவின் தரையில் கிடந்த சங்கைக் குத்தகைதாரர் அனுமதியில்லாமல் எடுத்துவிட்டார்கள் என்று வழக்கு. குற்றம், திருட்டு. திருட்டு என்றால் ஒருவர் கைவசத்திலிருந்து எடுக்க வேண்டும். கடலுக்கடியில் கிடக்கும் உயிர் யார் கைவசம்? கடல்தான் யாருக்கும் சொந்தமில்லையே!

நீதிமன்றம் இரண்டு முடிச்சை அவிழ்த்தது. சங்கு மீனைப் போல ஓடித் திரிவதில்லை. சிப்பியைப் போலப் படுகையோடு கிடப்பது. ஆகவே படுகை யார் வசமோ சங்கும் அவர் வசம்தான். அடுத்து, பாக் விரிகுடா திறந்த கடல் இல்லை. சுற்றி நிலம் சூழ்ந்து, பழங்காலந்தொட்டு இந்த மண்ணின் அரசுகள் உரிமை செலுத்திவந்த நீர்ப்பரப்பு. ஆகவே அங்கே எடுத்ததும் நாட்டுக்குள் எடுத்ததுதான். கடல்சார் சட்டம் படிப்பவர்கள் இன்றைக்கும் ‘வரலாற்று நீர்ப்பரப்பு’ என்ற கருத்துக்கு இந்தச் சென்னைத் தீர்ப்பைக் காட்டுகிறார்கள். சென்னைத் தீர்ப்புத் தொகுப்பின் 27-ஆம் தொகுதியில் இருக்கிறது. 1974-இல் இந்தியாவும் இலங்கையும் பாக் நீரிணைக்கும் ஆதாம் பாலத்துக்கும் இடையே கோடு போட்டுக்கொண்ட ஒப்பந்தத்தின் தலைப்பிலும் அந்த ‘வரலாற்று நீர்ப்பரப்பு’ வருகிறது. ஜமீன் சங்குக்காக எழுந்த கேள்வியும் கச்சத்தீவை அந்தப் பக்கம் விட்ட ஒப்பந்தமும் ஒரே கருத்தில் போய் நிற்கின்றன.

கடல் எல்லாருக்கும் பொது என்ற பேச்சுக்கு இன்னொரு பக்கமும் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். 1609-இல் டச்சுச் சட்ட அறிஞர் ஹ்யூகோ குரோஷியஸ் ‘மாரே லிபெரும்’, அதாவது ‘கட்டற்ற கடல்’ என்று ஒரு நூல் எழுதினார். இந்தியக் கடல் போர்ச்சுகீசியரின் சொத்தில்லை, டச்சுக் கப்பலும் வரலாம் என்பதுதான் அவர் வாதம். ஆங்கிலேயர் ஜான் செல்டன் 1635-இல் ‘மாரே கிளாவ்சும்’, ‘அடைத்த கடல்’ என்று பதில் எழுதினார். குரோஷியஸ் நூல் வந்து அரை நூற்றாண்டு கழிந்து 1658-இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியையும் மன்னாரையும் பிடித்ததும் முத்துக்குளிப்பைத் தங்கள் கட்டுப்பாட்டில்தான் வைத்துக்கொண்டார்கள். கடலுக்குள் நுழையும்வரை கட்டற்ற கடல், நுழைந்த பிறகு அடைத்த கடல். நம் பக்கத்து இழுவைமடி விசைப்படகுகள் அக்கரைத் தமிழ் மீனவர்களின் வலையை அறுத்துக்கொண்டு போகும்போது, பொதுக்கடல் என்ற சொல்லை நாம் எடுத்துக் காட்டினால் எனக்கு இந்த டச்சுக்காரர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். ரெஸ் கம்யூனிஸ் என்பது முதலில் போனவன் வழித்தெடுத்துக்கொள்ளும் உரிமை இல்லை. ஜஸ்டினியன் நூல் கரையில் குடிசை போடலாம் என்று அனுமதித்தாலும், அடுத்தவர் பயன்பாட்டைக் கெடுக்கக்கூடாது என்றுதான் ரோமானியச் சட்டம் நின்றது.

அந்த டச்சுக்காரர்கள் விட்டுச்சென்ற ஒரு பெரிய பொருள் இன்னும் அக்கரையில் இருக்கிறது. தனுஷ்கோடியிலிருந்து சுமார் 30 கி.மீ. தாண்டினால் தலைமன்னார். அந்த நாட்டின் பொதுச் சட்டம் ரோமன்-டச்சுச் சட்டம். 1796-இல் ஆங்கிலேயர் வந்த பிறகும் அதை அப்படியே விட்டார்கள். அதனால் நமக்கு இங்கிலாந்து வழியாகச் சுற்றி வந்த லத்தீன், அவர்களுக்கு ரோமிலிருந்து ஹாலந்து வழியாக இன்னும் நேராக வந்திருக்கிறது. குரோஷியஸ் எழுதிய டச்சுச் சட்ட அறிமுக நூல், அவர் சொந்த நாட்டில் பழங்கதையாகிவிட்டாலும், கொழும்பில் இன்றும் எடுத்துக்காட்டப்படும் சட்ட நூல்.

அக்கரையில் நம் மீனவர்கள் பிடிபடும்போது இக்கரையில் எல்லாரும் முதலில் கேட்பது ஹேபியஸ் கார்பஸ். ‘ஹேபியஸ்’ என்றால் ‘நீ வைத்திருப்பாயாக’; ‘கார்பஸ்’ என்றால் ‘உடல்’. நீ பிடித்து வைத்திருக்கும் ஆளின் உடலைக் கோர்ட்டு முன்னால் கொண்டுவந்து நிறுத்து, எந்தச் சட்டப்படி பிடித்தாய் என்று சொல் என்பது முழு ஆணை. இங்கிலாந்தில் 1679-இல் இதற்கென்று தனிச்சட்டமே வந்தது. தமிழில் இதற்கு ‘ஆட்கொணர்வு’ என்று பெயர் வைத்தவர் யார் என்பதை விட, அவர் ‘உடல்’ என்ற சொல்லைத் தொடவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. எங்கள் பக்கத்தில் கடலுக்குப் போனவர் திரும்பாமல் நாட்கள் போனால், துறையில் நிற்கும் பெண்கள் கேட்கப் பயப்படும் கேள்வி “பாடி கிடைச்சிருச்சா?” என்பது. உடல், பாடி இரண்டுமே இந்தக் கரையில் உயிர் போனதற்கான சொற்கள். மொழிபெயர்த்தவர் ‘ஆள்’ என்று போட்டார். உயிரோடு நடந்து வருகிற ஆள். லத்தீனை விட இது நல்ல சொல் என்றே நான் சொல்வேன்.

ஆனால் ஆட்கொணர்வு ஆணை கோர்ட்டின் அதிகாரம் ஓடும் எல்லைவரைதான் ஓடும். 2004 ஜூலையில் தொடங்கிய உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு எங்கள் மாவட்டம் அடக்கம். யாழ்ப்பாணச் சிறை அடக்கமில்லை. அங்குள்ள சிறை அதிகாரியை மதுரைக்கு ஆளைக் கொண்டுவா என்று சொல்ல முடியாது. அதனால் பலரும் போடுவது மாண்டமஸ். ‘நாங்கள் ஆணையிடுகிறோம்’ என்று பொருள். தமிழில் ‘செயலுறுத்தும் நீதிப்பேராணை’. மத்திய அரசு தன் கடமையைச் செய்ய வேண்டும், தூதரகம் வழியாகப் பேச வேண்டும், சட்ட உதவி தர வேண்டும் என்று கேட்பது. எதைக் கேட்கிறோம், யாரிடம் கேட்கிறோம் என்பதை இந்த இரண்டு சொற்களின் வேறுபாடே சொல்லிவிடும். செர்ஷியோரரி என்பது கீழமைப்பின் கோப்பை வரவழைத்துச் சரிபார்த்து ரத்து செய்வது. குவோ வாரண்டோ, ‘எந்த அதிகாரத்தில் இந்தப் பதவியில் உட்கார்ந்திருக்கிறாய்’ என்று கேட்பது. இவை இரண்டும் கடற்கரைக்கு அதிகம் வருவதில்லை.

குற்ற வழக்குகளில் ஒரு சொல் மீனவர்களுக்கு நிறையப் பயன்படும். ‘அலிபை’. லத்தீனில் ‘வேறிடத்தில்’ என்று மட்டும்தான் அதற்குப் பொருள். சம்பவம் நடந்த நேரத்தில் நான் அங்கே இல்லை என்பது. கடலில் இருந்தவனுக்கு யார் சாட்சி? மீன்வளத்துறை கொடுக்கும் டோக்கன்தான். படகு கிளம்பிய தேதி அதில் இருக்கிறது. அப்புறம், கூடப் போனவர்கள், ஏலத்தில் மீன் எடுத்த வியாபாரியின் சீட்டு. அந்தக் காகிதங்களை ஈரம் படாமல் வைத்திருங்கள் என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறேன்.

கடைசியாக ஒரு சொல். இது நம் கோர்ட்டுகளில் புழங்குவதே இல்லை, ஆனால் இந்தக் கரைக்கு இதைவிடப் பொருத்தமான லத்தீன் சொல்லை நான் பார்க்கவில்லை: ‘போஸ்ட்லிமினியம்’. ‘லிமென்’ என்றால் வாசற்படி. எதிரியிடம் பிடிபட்ட ரோமானியக் குடிமகன் எல்லா உரிமையும் இழந்துவிடுவான். அவன் தப்பியோ விடுபட்டோ நாட்டின் வாசற்படியைத் திரும்பத் தாண்டிவிட்டால் எல்லா உரிமையும் அவனுக்கு மீண்டும் வந்துவிடும். இந்த மீளும் உரிமைக்குத்தான் அந்தப் பெயர்.

இதைக் கரைக்கும் பயன்படுத்தினார்கள். கடற்கரையில் ஒருவர் கட்டிய கட்டடம் நிற்கும்வரை அந்த இடம் அவருடையது; அது இடிந்து விழுந்துவிட்டால், பிடிபட்டவன் ஊர் திரும்புவதுபோல, அந்த நிலம் மீண்டும் எல்லாருக்கும் பொதுவாகத் திரும்பிவிடும் என்று ஜஸ்டினியன் தொகுத்த சட்டத் திரட்டு சொல்கிறது. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலுக்குப் பிறகு தனுஷ்கோடியில் ரயில் நிலையமும் தேவாலயமும் சுவர்களாகத்தான் மிஞ்சின. வசிக்கத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. ஆனாலும் அந்தச் சுவர்களுக்குப் பக்கத்திலேயே ஓலைக் குடிசை போட்டு, பட்டா எதுவுமில்லாமல், வலை உலர்த்திக்கொண்டு மக்கள் வாழ்கிறார்கள். கட்டடம் போன பிறகு கரை அவர்களிடம் திரும்பியிருக்கிறது. 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை போட்டபின் அங்கே வரும் சுற்றுலா வண்டிகளில் பாதிப் பேர் அவர்களை ஆக்கிரமிப்பாளர்கள் என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள். ரோமானிய நீதிபதி யாராவது வந்து பார்த்தால் அப்படி நினைத்திருக்க மாட்டார்.

கப்பல்களுக்கும் இந்த மீளும் உரிமை உண்டா என்று ரோமானியர் கேட்டார்கள். எதிரி பிடித்துப்போன கப்பல் திரும்பக் கிடைத்தால் பழைய சொந்தக்காரனுக்கே சேருமா? அந்தச் சட்டத் திரட்டின் 49-ஆம் புத்தகத்தில் பதில் இருக்கிறது. போர்க்கப்பலுக்கு உண்டு, சரக்குக் கப்பலுக்கு உண்டு, ஏனென்றால் அவை போருக்குப் பயன்படும். மீன்பிடிப் படகுக்குக் கிடையாது.

அந்த வரியைப் படித்த அன்று எனக்கு வேலை ஓடவில்லை. அது போர்க்காலத்துச் சட்டம். இரண்டு நாட்டுக்கும் இடையே இன்று போர் இல்லை. இப்போது நடப்பது வேறு சட்டங்களின்படி நடப்பது. இது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் ராமேசுவரம் துறையில் நின்று பார்த்தால் கண்ணில் படுவது அதேதான். ஆட்கள் சில வாரம், சில மாதம் கழித்துத் திரும்பி வருகிறார்கள். கொழும்பிலிருந்து விமானத்தில் சென்னைக்கு, அங்கிருந்து வேனில் ஊருக்கு. அவர்களுக்கு வாசற்படி உரிமை இருக்கிறது. படகு வருவதில்லை. யாழ்ப்பாணப் பக்கத்துத் துறைகளில் கட்டிக் கிடந்து, தண்ணீர் ஏறி, மரம் உளுத்துப் போகிறது. சொந்தக்காரர் அந்த நாட்டுக் கோர்ட்டில் நேரில் ஆஜராகி உரிமை கோர வேண்டும். குறித்த நாளில் அவர் வராவிட்டால் படகு நாட்டுடைமை. பாஸ்போர்ட்டு இல்லாதவர், செலவுக்கு வழியில்லாதவர், தகவலே சரியாகக் கிடைக்காதவர் என்று வராமல் போகிறவர்கள்தான் அதிகம். இக்கரையில் எக்ஸ்பார்ட்டி ஆன பெரியவரின் படகு அங்கேதான் நிற்கிறது. ஆறு வருடத்துக்கு முன்னால் வாங்கிய இன்ஜின் அதிலேயே இருக்கிறது. அதற்கான கடன்தான் இங்கே தாவாவாக நடக்கிறது.

அவருக்கு ரத்து மனுவும் தாமத மனுவும் போட்டோம். இரண்டுக்கும் அபிடவிட் வேண்டும். அபிடவிட் என்பது இடைக்கால லத்தீனில் ஒரு வினைச்சொல். ‘அவர் சத்தியம் செய்திருக்கிறார்’ என்று பொருள். இதை அவரிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “அப்ப நான் சொல்றத எழுதணும், நீங்க எழுதுறத நான் சொல்லக் கூடாது. அதானே தம்பி?” என்றார். ஆமாங்கய்யா என்றேன்.

வழக்கமாக எழுதும் நாலு பத்தியை எழுதி முடித்து அவரிடம் வாசித்துக் காட்டினேன். சம்மன் வந்த தேதி, கடலுக்குப் போன தேதி, டோக்கன் எண், டிக்ரி பற்றித் தெரியவந்த நாள். எல்லாம் சரி என்று தலையாட்டினார். ஆனால் ஐந்தாவதாக ஒன்று சேர்க்க வேண்டும் என்றார். வழக்குக்கு அது தேவையில்லை என்று வக்கீல் சொன்னார். அவர் விடவில்லை. கடைசியில் அவர் சொன்னபடியே டைப் அடித்தேன்: “மேற்படி இன்ஜின் பொருத்திய என் படகு தற்போது இலங்கையில் உள்ளது. நான் கடனை மறுக்கவில்லை. படகு என் கைவசம் இல்லை என்பதைக் கோர்ட்டார் தெரிந்துகொள்ள வேண்டும்.” அதன் கீழே, இடது ஓரத்தில், நிதானமாகத் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.